கோடு கீறினவையும் தாலி கழட்டினவையும்

பிள்ளையள், நெட்போல் நடுவர் சோதினை பாஸ் பண்ணிட்டியள் எண்டு கேள்விப்பட்டன். நல்ல சந்தோசம். இனிச் சனம் உங்களை நல்லா ஏசும். ஒரு காதால வாங்கி மற்றக் காதால விட்டிடுங்கோ. நான் கிழமை நாளில கவுன்சில் ஜிம்மில வேலை, சனி ஞாயிறில கையில விசில் எண்டு ஒரு சீவியத்தையே ஓட்டி முடிச்சிட்டு, முழங்கால் ரெண்டும் போனாப்பிறகு லண்டன் ரெய்னர்ஸ் லேனில வீட்டோட இருக்கிறன். உங்கட நடுவர் சங்கச் செயலாளர் பிள்ளை வந்து, "அன்ரி, புதுப் பிள்ளையளுக்கு உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ" எண்டு கேட்டவ. விதியளைப் பற்றி நான் சொல்ல மாட்டன். அது புத்தகத்தில கிடக்கு, உங்களுக்கும் கண் இருக்கு. புத்தகத்தில இல்லாத ஒரு பின்னேரத்தைப் பற்றித்தான் சொல்லப் போறன்.

அதுக்கு முன்னம் நான் உங்களிட்ட ஒண்டு கேக்கிறன். எங்கட திடலை மூண்டாப் பிரிச்சுக் கோடு கீறியிருக்குதானே. இந்த ஆள் இந்தக் கோட்டுக்கு அங்கால போகப்படாது, அந்த ஆள் இஞ்சால வரப்படாது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடப்படாது. பந்து கைக்கு வந்தா அந்த இடத்திலயே நிக்க வேணும். ஏன்? ஆர் சொன்னது? சோதினையில உங்களை இதை ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டினம்.

யாழ்ப்பாணத்தில பள்ளிக்கூடத்தில நான் கோல் கீப்பர். நெட்டையா இருந்தனான், தூக்கிப் பின்னால விட்டிட்டினம். பந்து அங்கால போனா நான் கோட்டில நிண்டு வேடிக்கை பாக்கிறதுதான் வேலை. ஒருநாள் விளையாட்டு ரீச்சரிட்டக் கேட்டன், "ரீச்சர், இந்தக் கோட்டைத் தாண்டினா என்ன?" எண்டு. "கோடெண்டாக் கோடுதான். போய் நில்லு!" எண்டு பேசி அனுப்பினவ. எனக்கு அந்தக் கேள்வி மட்டும் போகவே இல்லை. ஜெர்மனிக்குப் போய், அங்க இருந்து லண்டனுக்கு வந்து, பிள்ளை பெத்து, வேலைக்குப் போய், எல்லாத்துக்குப் பிறகும் உள்ளுக்க கிடந்து அரிச்சுக்கொண்டே இருந்தது.

பதிலைச் சொன்னது ஒரு அமெரிக்க மனிசி. பின்னேரத்தில எங்கட ஜிம் மண்டபத்தில பெட்டையளுக்கு பாஸ்கெட்போல் பழக்க வந்தவ. நல்ல உயரம், பெரிய குரல். "ஹலோ" எண்டு சொன்னா மேல் மாடியில ஆக்கள் திரும்பிப் பாப்பினம். அவவிட்ட நான் படிச்சது கொஞ்சமில்லை. ஒருநாள் அவ எங்கட நெட்போலைப் பாத்திட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்கு வந்ததே கோபம்! "என்ன சிரிப்பு?" எண்டு கேட்டன். "இது என்ர அம்மா விளையாடின விளையாட்டு" எண்டா.

கேளுங்கோ கதையை. பாஸ்கெட்போல் அமெரிக்காவில பிறந்த விளையாட்டு. குளிர்காலத்தில வெளியில போக ஏலாமல் அலுத்துக்கிடந்த பொடியளுக்காகக் கண்டுபிடிச்சது. அதைப் பாத்த உடன பெட்டையளுக்கும் ஆசை வந்திட்டுது. ஆனா அந்தக் காலத்து டொக்டர்மாருக்கும் ரீச்சர்மாருக்கும் நடுக்கம். பொம்பிளைப்பிள்ளை முழுத் திடலும் ஓடினா நெஞ்சு தாங்காது, பிறகு பிள்ளை பெற மாட்டுது, முகத்தின்ர வடிவு போயிடும், இப்பிடி ஆயிரம் விசர்க்கதை. அதால திடலைத் துண்டு துண்டாப் பிரிச்சு, நீ இதுக்குள்ள, நீ அதுக்குள்ள எண்டு நிப்பாட்டி விட்டிச்சினம். ஒரு ரீச்சர் வரைபடத்தில கிடந்த கோட்டைப் பிழையா விளங்கினதாலதான் இது வந்தது எண்டும் ஒரு கதை இருக்கு. எது மெய்யெண்டு எனக்குத் தெரியாது, உங்களில ஆரும் தேடிப் பாத்தாச் சொல்லுங்கோ. அந்த ஆட்டத்தை ஒரு அமெரிக்க ஆள் லண்டனுக்குக் கொண்டுவந்து, இஞ்ச நீளப் பாவாடையோட படிச்ச பெட்டையளுக்குக் காட்ட, அவை குப்பைக்கூடையைச் சுவரில மாட்டி எறிஞ்சு விளையாடிச்சினம். அதுதான் வளர்ந்து நெட்போல் ஆகி, கப்பலேறி எங்கட ஊர்ப் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்தது. ரீச்சர் எனக்குக் காட்டின கோடு எங்க பிறந்த கோடு எண்டு பாருங்கோ! எனக்கு அண்டைக்கு நித்திரை வரேல்லை.

அமெரிக்காவில சில ஊருகளில அந்தப் பழைய ஆட்டம் கனகாலம் இருந்ததாம். அரைத் திடலுக்கு அங்கால மூண்டு பேர், இஞ்சால மூண்டு பேர். அந்த மனிசியின்ர தாய் காவல் நிக்கிற பக்கம். பள்ளிக்கூடக் காலம் முழுக்க விளையாடி ஒரு கோல்கூடப் போடேல்லை. போட ஏலாது, கூடை இருக்கிறது கோட்டுக்கு அங்கால. "அம்மா கெட்டிக்காரி, ஊரே வந்து பாக்கும். ஆனா எதுக்கு இந்தக் கோடெண்டு ஒருத்தரும் அவவுக்குச் சொல்லேல்லை" எண்டா. "எங்களுக்குப் பயமா இருக்கு எண்டு பெட்டையளின்ர முகத்தைப் பாத்துச் சொல்ல அவைக்கு வெக்கம். அதால ஒரு விதியை எழுதிப்போட்டினம்." இதுதான் அவ சொன்னது. அதே நாடுதான் பிறகு முழு உலகத்தையும் காலமை எழும்பிப் பார்க்கில ஓட வைச்சது எண்டும் சொல்லிச் சிரிச்சா.

சரி, இனி அந்தப் பின்னேரத்துக்கு வாறன். நான் விசிலைக் கழட்டி வைக்கிறதுக்கு முதல் வருசம். எங்கட ஊர்ப் பள்ளிக்கூடப் பழைய மாணவியர் சங்கங்களின்ர கோடைப் போட்டி, ஹரோப் பக்கத்துப் பள்ளிக்கூடத் திடல் ஒண்டில. உங்களுக்குத் தெரியும்தானே, ஒரு பக்கம் தின்ன ரோல்ஸும் கொத்துரொட்டியும், ஒரு பக்கம் ஒலிபெருக்கியில ஒருத்தர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, நடுவில எங்கட மட்ச். இறுதியாட்டத்துக்குப் பச்சை அணியும் நாவல் நிற அணியும் வந்திட்டுது. நாவல் அணியில சுகந்தி. நாப்பத்தைஞ்சு தாண்டின பிள்ளை. பிரான்சில கொஞ்சக்காலம் இருந்து இஞ்ச வந்து, மனிசனோட டூட்டிங்கில பலசரக்குக் கடை நடத்துறவ. அவ சென்ரர், அதாவது நடுவில நிண்டு திடல் முழுக்க ஓடுற ஆள். நெட்போலில ஆகக் கனக்க ஓட வேண்டிய இடம் அதுதான்.

ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கேக்க அவவின்ர மனிசன் சிவநேசன் என்னைத் தனியக் கூப்பிட்டார். முகம் வேர்த்துப்போய் நிண்டார்.

"அக்கா, ஒரு உதவி செய்ய வேணும். சுகந்தியை விளையாட விடாதேங்கோ."

"ஏன் தம்பி?"

"போன மாரிக் குளிரில அவவுக்கு நெஞ்சு நோ வந்து ஸ்டென்ட் வைச்சது. உங்களுக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாது. "டொக்டர் என்ன சொன்னவர்?" எண்டு கேட்டன்.

"டொக்டர் விளையாடலாம் எண்டுதான் சொன்னவர். அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவார். நான் சப்பாத்தை ஒளிச்சு வைச்சன், அரிசி மூட்டைக்குப் பின்னால. கண்டுபிடிச்சு எடுத்திட்டா. காலமை கார்த் திறப்பையும் காணேல்லை எண்டு சொல்லிப் பாத்தன், ரெயினில வெளிக்கிட்டிட்டா."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

குரலை இறக்கினார். "நகை போட்டுக்கொண்டு விளையாட ஏலாதெண்டு விதி இருக்குத்தானே? தாலியைக் கழட்டச் சொல்லுங்கோ. அவ கழட்ட மாட்டா. ஒபரேசனுக்குக் கொண்டுபோகேக்க தாலிக்கொடியைக் கழட்டி ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு என்ர கையில தந்தவை, அக்கா. அவ அழவுமில்லை, நான்தான் அதை வைச்சுக்கொண்டு ஒபரேசன் வாசலில நிண்டன். வீட்டை வந்தாப்பிறகு அவ எனக்குச் சத்தியம் பண்ணினவ, இனி இதைக் கழட்ட மாட்டன் எண்டு. கழட்டாட்டி விளையாட ஏலாதுதானே? நான் சொன்னதெண்டு தெரியவும் வராது."

பாருங்கோ பிள்ளையள், மனிசன் எவ்வளவு வடிவா யோசிச்சு வைச்சிருக்கு! பொய்யான விதியும் இல்லை. புத்தகத்தில அச்சடிச்ச மாதிரிக் கிடக்கு. நாங்கள்தான் இவ்வளவு காலமும் தாலிக்குக் கண்ணை மூடிக்கொண்டிருந்தனாங்கள். சட்டைக்குள்ள விட்டு மேல பிளாஸ்டர் ஒட்டினாச் சரி எண்டு ஒரு வழக்கம் வந்திட்டுது. எங்கட தாலிக்கொடி சும்மா நூலில்லை, கனத்த பவுண் கொடி. துள்ளி எழும்பினா ஆரின்ரயும் பல்லுப் போகும். நான் விதியைச் சொன்னா ஒருத்தரும் என்னைப் பிழை சொல்ல ஏலாது.

அந்த நேரத்தில எனக்கு அந்த அமெரிக்க மனிசியின்ர குரல்தான் கேட்டது. இவரும் இப்ப என்ர கையால ஒரு கோடு கீறச் சொல்லுறார். பயம் இவருக்கு, விசில் எனக்கு.

"தம்பி, உம்மட பயத்தை உம்மட வாயால சொல்லும். என்ர விசிலால சொல்ல வையாதேயும்" எண்டன்.

"சொன்னாக் கேப்பாவோ?"

"சொல்லிப் பாத்தனீரோ?"

சொல்லேல்லை. சப்பாத்தை ஒளிச்சிருக்கு, திறப்பை ஒளிச்சிருக்கு, மாதக்கணக்கா "ஓடாதேயும், தூக்காதேயும், எண்ணெய் தின்னாதேயும்" எண்டு மறிச்சிருக்கு. எனக்குப் பயம் எண்ட ஒரு சொல்லு மட்டும் வாயில வரேல்லை. பிறகு திடீரெண்டு கோபம் வந்திட்டுது அவருக்கு. "அப்ப விதி விதியில்லையோ? ஆளுக்கு ஆள் பாத்தோ சட்டம்?" எண்டு சத்தமாக் கேட்டார். நாலு பேர் திரும்பிப் பாத்திச்சினம்.

அதில அவர் சொன்னது சரி. அங்கதான் நான் மாட்டுப்பட்டு நிண்டன். விதியைச் சொல்லாட்டி நான் நடுவர் இல்லை. சுகந்திக்கு மட்டும் சொன்னா நான் அவரின்ர கையாள். யோசிக்க நேரமும் இல்லை, ஒலிபெருக்கிக்காரர் என்ர பேரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிட்டார்.

நான் நேர சுகந்தியிட்டப் போனன். சிவநேசனையும் கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு போனன். "பிள்ளை, உம்மட மனிசன் உம்மட தாலியைக் கழட்டச் சொல்லி என்னைக் கேக்கிறார். நீர் கழட்ட மாட்டீர், விளையாட மாட்டீர் எண்டு அவருக்கு நினைப்பு. விதி மெய்தான். ஆனா எண்ணம் அவரின்ர. ரெண்டையும் உமக்குச் சொல்லிட்டன்." பிறகு ரெண்டு அணியையும் பாத்து, "தாலி, சங்கிலி, தோடு, மூக்குத்தி எல்லாரும் கழட்டுங்கோ. பிளாஸ்டர் கதை இண்டையோட முடிஞ்சுது" எண்டன்.

ஐயோ, பிறகு வந்த கூச்சலைக் கேக்கவேணும்! "கோயிலுக்குக்கூட இதோடதானே போறம்!" "உவவுக்கு என்ன விசரே?" பச்சை அணியில ஒரு பிள்ளை, மாமியார் பாத்துக்கொண்டு நிக்கிறா, நான் மாட்டன் எண்டு வெளியில போயிட்டுது. அந்தப் பிள்ளை இண்டைக்கும் என்னோட கதைக்கிறதில்லை. அவவின்ர பக்கமும் நியாயம் இருக்கு. காலமை முதல் மட்சிலயே நான் இதைச் சொல்லியிருக்கலாம்.

சுகந்தி சிவநேசனைப் பாத்துக்கொண்டே நிண்டா. கண் சிவந்திட்டுது. கையைக் கழுத்துக்குப் பின்னால கொண்டுபோய்க் கொடியைக் கழட்டி, அவரின்ர கையைப் பிடிச்சு உள்ளங்கையில வைச்சா.

"நான் உங்களில இருந்த அன்பில சத்தியம் பண்ணினன். நீங்கள் அதை வைச்சு என்னை மறிக்கப் பாத்தனீங்கள், என்ன?" எண்டு கேட்டா. பிறகு, "தாலி கழண்டாப் புருசனுக்குத்தான் கூடாதெண்டு சொல்லுறவை. எனக்கு ஒண்டுமில்லை. நீங்கள் போய் அந்தக் கதிரையில இருங்கோ. ஓடாதேங்கோ. ஒண்டும் தூக்காதேங்கோ. ரோல்ஸ் தின்னாதேங்கோ, எண்ணெய்" எண்டா.

சுத்தி நிண்ட பெட்டையள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சினம். ஒண்டுக்குப் பின்னால ஒண்டா எல்லாரும் கழட்டத் தொடங்கிச்சினம். கொஞ்ச நேரத்தில கோட்டோரத்தில ஒரு வரிசை ஆம்பிளையள், கையில தாலியோட பிளாஸ்டிக் கதிரையில. ஒருத்தரும் ஆடேல்லை அசையேல்லை. ஒருத்தர் தேத்தண்ணிக்கு எழும்பப் பாக்க, மனிசி திடலுக்குள்ள நிண்டு, "இருங்கோ அங்க!" எண்டு கத்தினா.

நான் சிரிச்சுக்கொண்டு விசில் ஊதினன் எண்டு நினையாதேங்கோ. தொடங்க முன்னம் சுகந்தியைத் தனியக் கூப்பிட்டுக் கேட்டன், டொக்டர் சொன்னது என்னெண்டு. "விளையாடு, மூச்சு முட்டினா உடன நில் எண்டவர்" எண்டா. முதலுதவிப் பிள்ளையை நெஞ்சுக்கு வைக்கிற மிசினோட நாவல் அணி இருக்கிற வாங்குக்குப் பக்கத்தில கொண்டுவந்து நிப்பாட்டினன். நோ ஒண்டு வந்தா, விளையாடுற ஆள் தானாத்தான் கையை உயர்த்தி எங்களிட்ட நேரம் கேக்க வேணும். அவ கேப்பாவோ? என்ர யோசனை முழுக்க அதிலதான். மாதக்கணக்கா மறிச்சு வைச்ச ஒரு ஆள், மறிச்ச மனிசன் பாத்துக்கொண்டு இருக்கேக்க, எனக்கு ஏலாமல் கிடக்கு எண்டு காட்டுமோ? நானெண்டாக் காட்டமாட்டன். பல்லைக் கடிச்சுக்கொண்டு ஓடியிருப்பன்.

முதல் பாதி என்ன விளையாட்டு! சுகந்தி மெலிஞ்ச பிள்ளை, ஆனா பந்து எங்க வருமெண்டு முதலே தெரிஞ்சு அங்க நிக்கும். நாவல் ரெண்டு கோலால முன்னுக்கு. நாலு கால்பகுதியில மூண்டாவது முடியக் கொஞ்ச விநாடி இருக்கேக்க பச்சை நெருங்கி வந்து ஒரு கோல் வித்தியாசம் எண்ட நேரம். பந்து நாவலின்ர கையில, கோல் வட்டத்துக்குப் பக்கத்தில. சுகந்தி அந்த இடத்தில ஓடாமல் நிண்டா. முழுச் சனமும், "ஓடு, ஓடு!" எண்டு கத்துது. அவ என்னைப் பாத்துக் கையை உயர்த்தினா.

நான் விசில் ஊதினன். சிவநேசன் கதிரையை விட்டு எழும்பி நிண்டார், கிட்ட வரப் பயந்து அங்கயே நிண்டார். சுகந்தி தானா நடந்து வெளியில வந்து வாங்கில இருந்தா. முதலுதவிப் பிள்ளை நாடி பிடிச்சுப் பாத்து, நோ இருக்கோ எண்டு கேட்டு, பயமில்லை எண்டு எனக்குத் தலையாட்டினா. நான் பக்கத்திலதான் நிண்டனான், அதால பிறகு அவை கதைச்சது கேட்டது.

"நோகுதோ?" எண்டு கேட்டுக்கொண்டு சிவநேசன் கிட்ட வந்தார்.

"இல்லை. மூச்சுத்தான். டொக்டர் நிக்கச் சொன்னவர், நிண்டிட்டன்."

அவர் வாங்கில அவவுக்குப் பக்கத்தில இருந்தார். பிறகு சொன்னார். "எனக்குப் பயமா இருக்கு, சுகந்தி. வீட்டை வந்த நாளில இருந்து எனக்குப் பயம்."

"எனக்கும்தான்" எண்டா அவ. "நீங்கள் அப்பிடி மறிச்சுக்கொண்டு நிண்டா நான் ஆரிட்டச் சொல்லுறது?"

பிள்ளையள், நான் இதுக்காகத்தான் உங்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல வந்தனான். மறிச்ச ஆளுக்கு முன்னால ஒருத்தரும் மூச்சு வாங்கிக் காட்ட மாட்டினம். நான் அண்டைக்கு அந்த விதியைச் சும்மா நீட்டியிருந்தா அவ எப்பிடியும் ஒருநாள் எங்கயாவது ஒளிச்சுப் போய் விளையாடியிருப்பா, கையை உயர்த்தியிருக்க மாட்டா. உங்களிட்டயும் ஆரும் வருவினம், புத்தகத்தில இருக்கிற விதியைக் காட்டி, தங்கட வேற ஒரு எண்ணத்துக்கு அதைப் பாவிக்கச் சொல்லி. விதி சரியெண்டாச் செய்யுங்கோ. ஆனா எண்ணத்தையும் சேத்து வாய்விட்டுச் சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ.

கடைசிக் கால்பகுதிக்கு முன்னம் நாவல் அணியின்ர தலைவி வந்து, ஆர் சென்ரர் எண்டு கேட்டா. எல்லாரும் சிவநேசனைப் பாத்திச்சினம். அவர் சுகந்தியைப் பாத்து, "ஏலுமோ?" எண்டு கேட்டார். அவ ரெண்டு மூண்டு மூச்சை இழுத்து விட்டுப் பாத்தா. நேரம் எடுத்துத்தான் யோசிச்சா.

"ஏலாது. இண்டைக்கு இவ்வளவும் காணும்" எண்டு சொல்லி, சென்ரர் எண்டு எழுதின மேலங்கியைக் கழட்டி மற்றப் பிள்ளையிட்டக் குடுத்தா.

அந்தக் கால்பகுதி முழுக்கச் சிவநேசன் என்னைப் பேசின பேச்சு! "அக்கா, அந்தப் பிள்ளை கிட்ட நிண்டு தடுத்தது, பிழை! கண் தெரியேல்லையோ?" எண்டு கோட்டோரத்தால ஓடி ஓடிக் கத்தினார். இன்னொரு தரம் வாய் திறந்தா வெளியில விடுவன் எண்டு நான் எச்சரிக்க வேண்டி வந்திட்டுது. நாவல் ஒரு கோலால தோத்தது. நான் கடைசி விசில் ஊதிப்போட்டுத் திரும்பேக்க, மனிசன் தலையில கையை வைச்சுக்கொண்டு சுகந்திக்கு முன்னால நிக்கிறார்.

"நீர் உள்ளுக்க நிண்டிருந்தா வெண்டிருப்பம்" எண்டார்.

ஆஸ்பத்திரியிலகூட அழாத மனிசி, அதைக் கேட்டிட்டு வாங்கில இருந்து அழுதா.